சின்னக் குழந்தையோடு ஊர் ருசி தேடிப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புதிய நகரத்துக்குப் போகிறோம், அங்கே என்ன நல்ல சாப்பாடு உண்டோ அதைத் தேடிச் சாப்பிட ஆசை, ஆனால் கையில் குழந்தை இருக்கிறதே என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். ஆள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அடிக்கடி காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியது. உடல்நலம் பற்றிய பதில்கள் பொதுவானவை. உங்கள் குழந்தையின் மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

குழந்தையை வெச்சுக்கிட்டு ஊர்ச் சாப்பாட்டைத் தேடி அலையறதெல்லாம் நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால் ஒன்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டும்: குழந்தையின் பசி வேறு, உங்கள் ருசித் தேடல் வேறு. இரண்டையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் தீர்க்கப் பார்ப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. பசியோடு உணவகத்துக்குள் நுழையும் குழந்தைக்கு 20 நிமிடம் காத்திருக்கத் தெரியாது. வயிறு முக்கால்வாசி நிறைந்த குழந்தைக்கு அதே 20 நிமிடம் வேடிக்கை பார்க்கும் நேரம்.

அதனால் பழகிய உணவை அறையிலோ பூங்காவிலோ முதலில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் உணவகத்தில் குழந்தை வாயில் வைப்பதெல்லாம் ருசி பார்க்க மட்டுமே. பிடித்தால் சாப்பிடட்டும், பிடிக்காவிட்டால் துப்பட்டும், யாருக்கும் பதற்றம் இல்லை. கீழே வரும் பல பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

எந்த வயசுல கூட்டிட்டுப் போறது சுலபம்?

ஆறு மாதம் வரை தாய்ப்பாலோ பால்பொடிப் பாலோ மட்டும்தான் உணவு என்பதால், சாப்பாட்டு விஷயத்தில் அதுவே எளிய காலம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை மசித்த உணவை ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் உட்கார வைத்த இடத்தில் இருப்பார்கள். கடினமானது ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை. நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது, காரணம் சொன்னால் புரியாது. நான்கு வயதுக்கு மேல் மெல்ல உங்கள் கூட்டாளியாகிவிடுவார்கள்.

கடினமான வயது என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. போகும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டால் போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணுமா?

தண்ணீர், சுகாதாரம் பற்றி ஐயம் உள்ள ஊருக்குப் போவதாக இருந்தால் கட்டாயம் பாருங்கள், அதுவும் 4 முதல் 6 வாரம் முன்னதாக. தடுப்பூசி போட்டபின் உடலில் பாதுகாப்பு உருவாக நேரம் வேண்டும். உணவு, தண்ணீர் வழியாகப் பரவும் நோய்களில் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி வழக்கமாக ஒரு வயதிலிருந்தும், டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி ஆறு மாதத்திலிருந்தும் போடப்படுகின்றன. காய்ச்சல் மருந்தின் அளவைக் குழந்தையின் இப்போதைய எடைக்கு ஏற்ப எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் போகலாம்?

ஆசைப்பட்டுத் தேடிப் போகும் இடம் ஒன்றே ஒன்று. மற்ற வேளைகள் எங்கே வசதியோ அங்கே. பட்டியலில் ஐந்து இடங்களை அடுக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் மூன்றாவது இடத்தில் அழுகிற குழந்தையோடு நிற்பதைப் பார்க்கலாம். ஒரு இடத்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருவது அந்த ஐந்தையும்விட நினைவில் நிற்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கூட்டம் வருவதற்கு முன்பே போய்விடுங்கள். கடை திறந்த முதல் அரை மணி நேரத்தில் சமையலறை சுறுசுறுப்பாக இருக்கும், பரிமாறுகிறவருக்குப் பேசப் பொறுமை இருக்கும், மேசையைத் தேர்ந்தெடுக்கலாம். இரவு உணவுக்குப் பேர்போன இடம் மதியமும் திறந்திருந்தால் மதியமே போங்கள். குழந்தைகளுக்கு மாலையில் இருக்கும் பொறுமை காலையில் இருப்பதில் பாதிகூட இராது. காலைச் சந்தைகளும் இதனால்தான் குடும்பங்களுக்குப் பொருத்தம். சீக்கிரம் விழிக்கும் குழந்தையும் சீக்கிரம் திறக்கும் சந்தையும் ஒன்றுக்கொன்று சரியாக அமைகின்றன.

குழந்தைக்கு ஏத்த உணவகமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உயர நாற்காலி இருக்கிறதா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது வாசல்: கதவைத் திறந்தால் நேரே வண்டிகள் ஓடும் சாலையா, அல்லது கொஞ்சம் நடைபாதை இருக்கிறதா? அடுத்து சத்தம். ஓரளவு இரைச்சல் உள்ள இடம் உங்களுக்கு நல்லது, குழந்தையின் குரல் அதில் கரைந்துவிடும். அப்புறம் உணவு வரும் வேகம். முன்பே சமைத்துச் சூடாக வைத்திருப்பதைப் பரிமாறும் கடை, ஒவ்வொரு தட்டையும் அரை மணி நேரம் அலங்கரிக்கும் கடையைவிட மேல். சமையல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தால் குழந்தைக்கு அதுவே பொழுதுபோக்கு.

மேசைமேலேயே அடுப்போ, கொதிக்கும் பாத்திரமோ வைக்கும் இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தையைக் கைக்கெட்டாத பக்கமாக, பெரியவர் ஒருவருக்கு அடுத்து உட்கார வையுங்கள். மேசைவிரிப்பு தொங்கினால் அதை மடித்து மேலே போட்டுவிடுங்கள். சூடான பானம் இருக்கும்போது விரிப்பை இழுப்பதே சின்னக் குழந்தைகளுக்குத் தீக்காயம் ஏற்படும் வழிகளில் ஒன்று.

ஆர்டர் பண்ணிட்டு சாப்பாடு வர்ற வரைக்கும் என்ன பண்றது?

குழந்தை ஏற்கனவே சாப்பிட்டிருந்தால் இந்தக் கேள்வியின் பாரம் பாதியாகக் குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு: ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், மற்றவர் குழந்தையோடு வெளியே உலாவட்டும். உணவு மேசைக்கு வரும்போது இருவரும் உள்ளே வந்தால் போதும். உட்காரும் நேரத்தை இப்படிப் பாதியாக்கலாம்.

கைபேசி கொடுக்கலாமா என்று கூடவே கேட்பார்கள். நீண்ட சாப்பாட்டின் கடைசிப் பத்து நிமிடத்துக்குக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. ஆனால் உட்கார்ந்ததுமே கொடுத்துவிட்டால், எதிரே பொரிகிற எண்ணெயின் சத்தமும் வாசனையும் குழந்தைக்கு எட்டாமலே போய்விடும். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனோம்?

எங்க பொண்ணு புதுசா எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேங்கிறா. ஊருக்குப் போய் பட்டினி கிடப்பாளோன்னு பயமா இருக்கு.

புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை மிக இயல்பானது. ஒரு உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள அதை 8 முதல் 15 முறை வரை சந்திக்க வேண்டியிருக்கலாம் என்று குழந்தை உணவு ஆய்வுகள் சொல்கின்றன. சில நாள் பயணத்தில் அது நடக்காது. நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அவள் பார்ப்பது, முகர்வது, விரலால் தொடுவது எல்லாமே அந்தச் சந்திப்புகளில் சேர்த்திதான்.

"ஒரு வாய் மட்டும்" என்று கெஞ்சுவதும் மிரட்டுவதும் எதிர்விளைவைத்தான் தரும். நீங்கள் ரசித்துச் சாப்பிடுங்கள், தட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். வயிற்றுக்கு வேண்டியது வெறுஞ்சோறு, ரொட்டி, வேகவைத்த முட்டை, வாழைப்பழம் போன்றவற்றிலிருந்து வரட்டும். இவற்றில் ஏதாவது ஒன்று கிடைக்காத நகரம் அரிது. ஒரு வயதுக்குமேல் வளர்ச்சி வேகம் தணிவதால் பசியும் குறையும். ஒரு நாள் கொறித்துவிட்டு மறுநாள் வாரிச் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வேளையாகக் கணக்குப் பார்க்காமல் வாரக் கணக்காகப் பாருங்கள்.

தெரியாம காரமானதை வாயில வெச்சுட்டா என்ன கொடுக்கணும்?

பால் அல்லது தயிர். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எனவே தண்ணீர் குடிக்கக் குடிக்க எரிச்சல் வாய் முழுவதும் பரவத்தான் செய்யும். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் அதைப் பற்றி இழுத்துக்கொண்டு போகும். பால் இல்லையென்றால் ஒரு பிடி சோறோ ரொட்டியோ மெல்லக் கொடுங்கள். கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

தெருக்கடைச் சாப்பாடு குழந்தைக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

இடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, உணவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கண்ணெதிரே கொதித்து, பொரிந்து, ஆவி பறக்கக் கைக்கு வரும் உணவு தெருவில் கிடைத்தாலும் நல்லதுதான். நட்சத்திர விடுதியில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் திறந்து கிடக்கும் உணவு அதைவிட மோசம். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை. சமைத்த உணவு அந்த வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அது 1 மணி நேரம்தான். மீந்த சோற்றையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

தெருக்கடையில் பெரும்பாலும் வம்பு வருவது முக்கிய உணவால் அல்ல, கூட வருவதால்: முன்பே நறுக்கி வைத்த பழம், பச்சைக் காய்கறித் துருவல், திறந்த கிண்ணத்தில் இருக்கும் தொட்டுக்கொள்ளும் சாறுகள், ஐஸ். குழந்தைக்கு இவற்றைத் தவிர்த்துவிட்டு, சூடான பகுதியை மட்டும் ஆறவைத்துக் கொடுங்கள். பழம் வேண்டுமென்றால் முழுதாக வாங்கி நீங்களே தோலுரியுங்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும் கடையில் உணவு தேங்காது என்பதும் ஒரு நல்ல அடையாளம்.

தண்ணி விஷயத்துல எவ்வளவு கண்டிப்பா இருக்கணும்?

முழுக் கண்டிப்பு. ஐயமிருந்தால் குமிழி விட்டு நன்றாகக் கொதிக்கும் நிலையில் 1 நிமிடம் வைத்த தண்ணீர், கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் 3 நிமிடம். அல்லது மூடி உடையாத பாட்டில். பல் துலக்குவதற்கும் அதே தண்ணீர்தான், சின்னக் குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள்.

பால்பொடி கலக்குகிறவர்களுக்கு இன்னொன்று. பொடி கிருமி நீக்கப்பட்டதல்ல, எனவே 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அறை வெப்பத்தில் வைத்தால் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஃபிளாஸ்க்கில் வெந்நீரும், அளந்து போட்ட பொடி தனி டப்பாவிலுமாக எடுத்துப் போவது எளிது.

தாய்ப்பால் கொடுக்கிறேன். நான் புது ஊர்ச் சாப்பாடு, காரம் எல்லாம் சாப்பிடலாமா?

தாராளமாக. உணவின் மணங்கள் தாய்ப்பாலில் மெல்லக் கலக்கும், அதுவே குழந்தைக்குப் பிற்காலத்தில் பலவித ருசிகள் பழக உதவுகிறது. உங்கள் வயிறு கெட்டால் உடலில் நீர் குறையும் என்பதால் தெருக்கடை, தண்ணீர் பற்றி மேலே சொன்னவை உங்களுக்கும் பொருந்தும். பீய்ச்சி எடுத்த பாலை 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரமும் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாளும் வைக்கலாம்.

குழந்தைக்குக் கொடுக்கவே கூடாத சாப்பாடு எதெல்லாம்?

ஒரு வயது நிறையும் வரை தேன் கூடாது, சமையலில் கலந்ததும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்யுலிசம் கிருமியின் வித்துகளைச் சமாளிக்கும் பக்குவம் அந்த வயதுக் குடலுக்கு இல்லை. இனிப்புகளிலும் சுட்ட இறைச்சியின் மேல்பூச்சிலும் தேன் மறைந்திருக்கும் என்பதால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். காய்ச்சாத பால், அதில் செய்த பாலாடைக்கட்டி, பச்சை மீன், முட்டையைப் பச்சையாகச் சேர்த்த சாறுகள், சரியாக வேகாத இறைச்சி ஆகியவை ஐந்து வயது வரை வேண்டாம். பெரிய மீன்களில் சுறா, வாள்மீன் போன்றவற்றில் பாதரசம் அதிகம், அவையும் வேண்டாம்.

மூச்சுக்குழலில் சிக்குபவை தனி வகை. முழுக் கொட்டைப் பருப்புகளை ஐந்து வயதுவரை கொடுக்காதீர்கள். திராட்சை, குட்டித் தக்காளி போன்ற உருண்டைகளை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், ஆபத்து குறையாது. ஒட்டும் மிட்டாய், பிசுபிசுப்பான மாவு உருண்டை, மீன் முள் எல்லாவற்றிலும் இதே கவனம். நடந்துகொண்டே சாப்பிடும் பழக்கமுள்ள சந்தைகளில்கூடக் குழந்தையை உட்கார வைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உப்பைப் பொறுத்தவரை, ஒரு வயதுக்குள் நாளுக்கு 1 கிராமுக்கும் குறைவு என்பது அளவு. உணவகச் சாப்பாட்டில் சில கவளத்திலேயே அது தாண்டிவிடும். ருசி பார்க்க மட்டுமே என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொண்டையில சிக்கிட்டா அந்த நேரத்துல என்ன செய்யணும்?

சத்தமாக இருமினால், அழுதால், காற்று போகிறது. இருமவிடுங்கள், முதுகில் தட்ட வேண்டாம். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால் உடனே செயல்பட வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கைமேல் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவராவிட்டால் நிமிர்த்தி, நெஞ்சின் நடுவில் 5 அழுத்தம். ஒரு வயதுக்கு மேல் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி 5 அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே உதவிக்கு ஆளை அழையுங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

எழுத்தில் படித்தால் கை வராது. பயணத்துக்கு முன்பு ஒரு முதலுதவி வகுப்பில் பொம்மைமேல் செய்து பழகிவிடுங்கள். அந்த ஊரின் அவசர எண்ணையும் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ஒவ்வாமை இருக்கு. மொழியும் தெரியாத ஊர்ல எப்படிச் சாப்பிடுறது?

அந்த ஊர் மொழி எழுதத் தெரிந்தவர் ஒருவரிடம், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாது, அதன் எண்ணெய், பொடி, சாறு எதுவும் கூடாது, சாப்பிட்டால் மூச்சு நின்றுவிடலாம் என்று கெட்டி அட்டையில் எழுதி வாங்குங்கள். அதைப் பரிமாறுகிறவரிடம் காட்டினால் போதாது, சமைக்கிறவர் கைக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் பற்றி உணவகங்களும் தகவல் தர வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து சட்டம். சட்டம் இருந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் பொரிக்கும் கடையில், பதில் "இல்லை" என்று வந்தாலும் நம்பிக்கொடுக்க முடியாது. அந்த இடத்தை விட்டுவிடலாம்.

அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டை எடுத்துப் போங்கள், எப்போதும் குழந்தையோடு இருக்கும் பையில். உதடு வீக்கம், தடிப்போடு வாந்தி, மூச்சிழுப்பு, துவண்டுபோதல் தெரிந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசி, உடனே மருத்துவமனை. ஒவ்வாமை இல்லை என்று நினைக்கிற குழந்தைக்கும், வேர்க்கடலை, இறால் போன்றவற்றை வாழ்நாளில் முதல்முறையாகக் கொடுக்கும் இடம் பயணமாக இருக்க வேண்டாம். வீட்டில், மருத்துவர் பக்கத்தில் இருக்கும் நாளில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைக்காரரே ஆசையா குழந்தை வாயில எதையாவது ஊட்டிடுறாங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?

பல ஊர்களில் இது நடக்கும், அன்பினால்தான். முகம் சுளிக்காமல் உங்கள் கையை முன்னால் நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், நீங்கள் ஒரு கடி கடித்துப் பாராட்டுங்கள். கொடுத்தவர் மனம் நிறைந்துவிடும். குழந்தைக்கு அதைக் கொடுப்பதா என்பதை இரண்டடி தள்ளிப் போய் முடிவு செய்யலாம். ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் மரியாதை பார்க்கும் நேரமல்ல, அந்த அட்டையைக் காட்டுங்கள்.

வயித்தால போக ஆரம்பிச்சா பயணத்தையே நிறுத்தணுமா?

பெரும்பாலும் வேண்டாம். முக்கிய மருந்து ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு, சர்க்கரைப் பொடி. பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில், வழக்கமாக 1 லிட்டரில், முழுதாகக் கரையுங்கள். ஒவ்வொரு முறை போனபின்பும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. பாலையும் பழகிய உணவையும் நிறுத்தாதீர்கள். பெரியவர்கள் எடுத்துக்கொள்ளும் பேதி நிறுத்தும் மாத்திரை குழந்தைகளுக்குக் கூடாது.

ரத்தம் கலந்து போவது, கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தியாவது, ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் வராதது, கண்ணீரில்லாத அழுகை, குழிந்த கண், அசாத்தியத் தூக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் இவை எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பசிக்குதுன்னு அழறான். நேர வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கிறது?

உடல் கடிகாரம் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். முதல் சில இரவுகளுக்கு அறையில் பழமும் பிஸ்கட்டும் வைத்திருங்கள். மங்கிய வெளிச்சத்தில், விளையாட்டுக்கு இடம் கொடுக்காமல், கொஞ்சம் கொடுத்துப் படுக்க வையுங்கள். பகல் சாப்பாட்டை அந்த ஊர் நேரப்படி கொடுப்பதும் காலை வெயிலில் நடப்பதும் சீக்கிரம் பழக்கிவிடும். நாம் ஆசைப்பட்ட இடத்தை மூன்றாம், நான்காம் நாளுக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

நாங்க ரெண்டு பேரும் நிதானமா உட்கார்ந்து ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடவே முடியாதா? சில இடத்துல குழந்தையையே விடமாட்டாங்களாமே.

குழந்தைகளை அனுமதிக்காத இடங்கள் உண்டு, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அங்கே போக வேண்டுமென்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள்: இன்று ஒருவர் மதியம் தனியாக, நாளை மற்றவர். தனியாக உட்கார்ந்து கவனமாகச் சாப்பிடுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதிலும்தான். கூட வந்திருக்கும் தாத்தா பாட்டி ஒரு மாலை பார்த்துக்கொள்வார்கள் என்றால், குழந்தை தூங்கிய பிறகு கிளம்புங்கள்.

இருவரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றால், மதியத் தூக்க நேரத்தைக் குறிவைக்கலாம். அரை மணி முன்பே தள்ளுவண்டியில் உலாவித் தூங்க வைத்துவிட்டு, ஓர மேசையில் உட்காருங்கள். என்ன வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள், பில்லையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விழித்து அழுதால் ஒருவர் குழந்தையோடு வெளியேறலாம், மற்றவர் மீதியைக் கட்டி வாங்கிக்கொண்டு வரலாம். அறைக்கு வந்ததும் ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.